பௌதிகவியலில் குளிர் இல்லை

அறிவு வளர வளர அச்சம் குறையும் என்று இருபத்தெட்டு வருடங்கள் வகுப்பறையில் நின்று சொல்லியிருக்கிறேன். அது தவறு என்பதை இங்கே எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். அறிவு எனக்குச் செய்ததெல்லாம், பயப்படுவதற்கான காரணங்களை ஒழுங்காக வரிசைப்படுத்தித் தந்ததுதான்.

யுத்தத்தின் கடைசி ஆண்டுகள் அவை. திருகோணமலையில், உட்துறைமுகத்தை ஒட்டிய ஒரு குறுகிய ஒழுங்கையில் நானும் மனைவி சறோஜினியும் குடியிருந்தோம். மகள் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாள். நான் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பித்தேன். சறோ கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், கோப்பெழுதும் லிகிதர். அவளுக்கு நீரிழிவு. நாளுக்கு இரண்டு முறை இன்சுலின் ஏற்றிக்கொள்ள வேண்டும். கொழும்புப் பாதையைப் படையினர் மூடினால் மருந்து வராது. பாதை எப்போது மூடும் என்பதைப் பாதை மூடிய பின்னரே அறிவோம். ஆகவே ஐந்து குப்பிகளை எப்போதும் பிரிட்ஜில் வைத்திருப்போம்.

அந்தப் பிரிட்ஜ்தான் எங்களைக் கைவிட்டது. அதனுள் இருந்த பழைய தெர்மோஸ்டாட் பழுதாகி, மோட்டார் ஓடத் தொடங்கினால் நிற்பதே இல்லை என்றாயிற்று. பால் கல்லானது. கத்தரிக்காயைக் கொண்டு யன்னலை உடைத்திருக்கலாம். இன்சுலினோ ஒருமுறை உறைந்தால் பிறகு மருந்தாகாது. எனவே பிளக்கை ஒரு மணித்தியாலம் செருகுவதும் அடுத்த மணித்தியாலம் பிடுங்குவதுமாக, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் ஒழுங்கில் அதைப் பராமரித்தோம்.

பிரிட்ஜ் திருத்துகிற றஹீம் நானா (முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்) மூதூரிலிருந்து இடம்பெயர்ந்து நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சேர், இதுக்குரிய சாமான் இனிக் கிடைக்காது. கொழும்பில இப்ப டிஜிட்டல் தெர்மோஸ்டாட் ஒண்டு மலிவா விக்கிறாங்க. எடுப்பிச்சு வைங்க, நான் வந்து பூட்டித் தாறன்."

மகள் அதை வாங்கித் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. முகப்பில் சிவப்பு எண்கள். வாலில் நீண்ட வயர். வயரின் நுனியில் வெப்பநிலையை உணரும் சிறிய உலோகக் குமிழ். வழியிலிருந்த சோதனைச் சாவடிகளில் எத்தனை முறை பிரித்துப் பார்த்தார்களோ, விளக்கத்தாளில் பாதிதான் வந்து சேர்ந்தது. அது வெள்ளிக்கிழமை வந்தது. நானா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். நடுவில் ஒரு சனிக்கிழமை இருந்தது என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"நாளைக்கு நானா வருவார்தானே. ஒரு நாள் பொறுக்க ஏலாதோ?" என்று கேட்டாள் சறோ.

"நான் பௌதிகம் படிப்பிக்கிறவன். நீர் பயப்பிடாதேயும்."

"படிப்பிக்கிறது வேற, பூட்டுறது வேற."

நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பிரிட்ஜைப் பிளக்கிலிருந்து கழற்றி, அதன் வயர்களில் ஒன்றை வெட்டி, புதிய பெட்டியூடாக இணைத்தேன். பெட்டியைப் பிரிட்ஜின் கதவோரத்தில் கறுப்பு ஒட்டு ரேப்பினால் சுற்றி ஒட்டினேன். (வீட்டில் வேறு நிற ரேப் இருந்திருந்தால் என் வாழ்வு சற்று வேறாக அமைந்திருக்கும்.) நாலு பாகை செல்சியஸில் நிற்க வேண்டும் என்று எண்ணைப் பதிந்தேன். பிறகு அந்தப் பெட்டி என்னிடம் ஒரு கேள்வி கேட்டது: எச்சா, சியா?

எச் என்றால் சூடாக்குதல், சி என்றால் குளிராக்குதல் என்று எஞ்சியிருந்த பாதித்தாள் தெளிவாகவே சொன்னது. எந்தக் குழந்தையும் சி என்று அழுத்தியிருக்கும். நான் யோசித்தேன். பௌதிகவியலில் குளிர் என்று ஒரு பொருள் இல்லை. இருப்பது வெப்பம் மட்டுமே. பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை, வெப்பத்தை வெளியே எடுக்கிறது. ஆகவே அறிவியலின்படி சரியான விடை எச். தாளை எழுதியவர் பாமரருக்காக எழுதியிருக்கிறார் என்று அவர்மேல் இரக்கப்பட்டு, எச்சை அழுத்தினேன்.

அத்துடன் நின்றிருக்கலாம். வீடுவீடாகத் தேடுதல் நடக்கிற காலத்தில் வயரும் சிவப்பு எண்களும் வீண் சந்தேகத்தைக் கிளப்பும் என்ற அச்சம் எனக்கு இருந்தது. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பெடியனை இரண்டு கிழமைக்கு முன்னர் விசாரணைக்கென்று கூட்டிச் சென்றிருந்தார்கள். அவன் இன்னும் திரும்பவில்லை. எனவே ஓர் அறிவித்தல் எழுதி அந்தப் பெட்டிக்கு மேலே ஒட்டினேன். 'இது குண்டு அல்ல' என்று மூன்று மொழிகளிலும்.

சறோ அதை நின்று வாசித்தாள்.

"இஞ்சருங்கோ, ஊரில ஆரும் தங்கட பிரிட்ஜில இப்பிடி எழுதி வைச்சிருக்கினமோ?"

"இல்லை. அதுதான் நான் எழுதினது."

"அதை வாசிக்கிறவனுக்கு முதல்ல என்ன ஞாபகம் வரும்?"

சறோவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அந்த வரியை எழுதித் தரும்படி முன்பே அவளிடம் கேட்டிருந்தேன், மறுத்துவிட்டாள். ஆகவே நானே அகராதியைப் பார்த்து எழுத்தெழுத்தாக வரைந்திருந்தேன். குண்டு என்ற சொல்லைப் பெரிதாக வரைந்து முடித்தபோது கடதாசியில் இடம் தீர்ந்துவிட்டது. 'அல்ல' என்பது அடுத்த வரிக்கு இறங்கி, தொங்கிய வயருக்குப் பின்னால் மறைந்துகொண்டது.

குமிழைப் பிரிட்ஜினுள் வைத்துக் கதவை மூடிப் பிளக்கைச் செருகினேன். அந்த நேரம் பார்த்து ஒழுங்கை நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன. பிறகு ஒன்றாக ஓய்ந்தன. குரைப்பைவிட அந்த ஓய்வுக்குத்தான் நாங்கள் பயப்படப் பழகியிருந்தோம்.

சுற்றிவளைப்பு. எங்கள் வாசலுக்கு ஓர் அதிகாரியும் மூன்று படையினரும் வந்தார்கள். ஒருவர் குடும்ப அட்டையை வாங்கி எங்கள் முகங்களோடு ஒப்பிட்டார். ஒருவர் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தார். மூன்றாமவர் குசினிக்குள் போனார். போனவரின் காலடி ஓசை நின்றது. மீண்டும் கேட்டபோது அது பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் தாழ்ந்த குரலில் அதிகாரியை அழைத்தார்.

அதிகாரிக்கு என் மாணவர்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். குசினி வாசலில் நின்று, பிரிட்ஜைத் தொடாமல், அறிவித்தலை வாசித்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். அறைச்சூட்டில் இருந்த குமிழ் உள்ளே ஆறிக்கொண்டிருந்தது. ஆகவே எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. இருபத்திரண்டு. இருபத்தொன்று.

"இது என்னத்தை எண்ணுகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் எனக்குத் தெரிந்த மிக நல்ல ஆங்கிலத்தில் விளக்கினேன். வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தொடங்கினேன். (அந்த வேறுபாட்டை விளங்காமல் மேலே போவது பிழை என்று அப்போதும் நம்பினேன்.)

பதினான்கு. பதின்மூன்று.

"எதில் போய் நிற்கும்?"

"நாலில்."

"நாலில் என்ன நடக்கும்?"

"ஒன்றும் நடக்காது," என்றேன். "நூறு வீதம் உறுதி."

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எட்டு. ஏழு. ஒரு படைவீரரின் உதடு மெல்ல அசைந்தது. அவர் தன் கடவுளிடம் பேசினார் என நினைக்கிறேன். ஆறு. ஐந்து. அதன் பிறகு பெட்டி தசமத்தில் இறங்கியது. நாலு புள்ளி இரண்டு. நாலு புள்ளி ஒன்று.

நாலில் பெட்டிக்குள் 'டிக்' என்றது.

சூடாக்கும் இயந்திரம் என்று நான் சொல்லிவைத்த சொல்லை அந்தப் பெட்டி நேர்மையாக நம்பியிருந்தது. நாலுக்குக் கீழே போகப் போகிறது, உடனே சூடாக்க வேண்டும் என்று மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிட்டது. எங்கள் பழைய பிரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது முதலில் உறுமும், பிறகு உடம்பை உதறும். அது உறுமி உதறியதில் மேலேயிருந்த பால்மா டின் உருண்டு சீமெந்துத் தரையில் விழுந்தது.

ஒன்றும் நடக்காது என்று உறுதி கூறியவர் முதலில் தரையில் விழுந்தார். மற்றவர்கள் எனக்குப் பிறகே விழுந்தார்கள்.

ஒரு நிமிடத்துக்குள் நாங்கள் எல்லோரும் ஒழுங்கையில் நின்றோம். அயல்வீட்டுக்காரரையும் வெளியே எடுத்தார்கள். என்னை மதிலோடு தனியாக நிறுத்தினார்கள். துப்பாக்கி ஒன்று என் பக்கம் திரும்பியிருந்தது. அதிகாரி வானொலிக் கருவியில் பேசிவிட்டு, குண்டு பார்க்கிற நிபுணர்கள் வர இரண்டு மணித்தியாலம் ஆகும், அதுவரை எவரும் உள்ளே போகக் கூடாது என்றார்.

உள்ளே மோட்டார் ஓடுவது ஒழுங்கை வரை கேட்டது. நிற்கவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் ஐந்து குப்பிகளும் உறைந்துவிடும். நான் அதைக் கணக்கிட்டேன். கடைசி வீட்டுப் பெடியனின் தாய் தன் வாசற் படலையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் எவருக்கும் விவரித்ததில்லை.

சறோ அதிகாரியிடம் நடந்து போனாள். சிங்களத்தில் பேசினாள், பிறகு அவளே எனக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"மகன், அது என்ர மருந்துக்குப் பூட்டின சாமான். அது உறைஞ்சால் எனக்கு வேற மருந்தில்லை. இவர் பள்ளிக்கூட மாஸ்டர். கல்யாணம் முடிச்ச நாளிலயிருந்து பார்க்கிறன், இந்த வீட்டில இவர் திருத்தின ஒரு சாமானும் வேலை செய்ததில்லை. இவர் குண்டு செய்திருந்தால் அது வெடிக்காது."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அந்த நேரத்தில் இருந்த தோற்றம் அவள் கூற்றுக்குப் போதிய சான்றாக இருந்திருக்க வேண்டும்.

"மெயின் சுவிட்ச் வெளிச் சுவரிலதான் இருக்கு," என்றாள். "நிப்பாட்டிப் பாருங்கோ. பிரிட்ஜ் எண்டால் நிக்கும்."

அவர் தயங்கினார். அவள் காத்திருக்கவில்லை. துப்பாக்கிகளுக்கு நடுவே, கச்சேரியில் கோப்பு எடுக்கப் போகிறவள் மாதிரி நடந்து போய், சுவிட்சைக் கீழே இழுத்தாள். உள்ளே மோட்டார் ஒருமுறை குலுங்கி நின்றது. ஒழுங்கையில் எவரோ மூச்சு விட்டார்கள். நானாகவும் இருக்கலாம்.

ஒரு படைவீரரும் அவளும் உள்ளே போய்க் குப்பிகளோடு வந்தார்கள். ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். குளிர்த் தட்டோடு ஒட்டிப் பின்வரிசையில் இருந்த இரண்டில் ஊசி ஊசியாய்ப் பனி. மூன்று தப்பியிருந்தன. அந்த மூன்றையும் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். அதிகாரி அறிவித்தலை உரித்து எடுத்து, மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "இனிமேல் எழுத வேண்டாம்," என்றார் என்னிடம். நான் இன்றுவரை கேட்ட இலக்கிய விமர்சனங்களில் அது மிகச் சுருக்கமானது.

மறுநாள் றஹீம் நானா வந்தார். ஒரு பொத்தானை இரண்டு முறை அழுத்தினார்.

"சேர், இது எச்சில நிண்டிருக்கு. கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டிக்குத்தான் இப்பிடி வைக்கிறது."

நான் குளிர் இல்லாமையைப் பற்றி விளக்கினேன். அவர் மரியாதையோடு கேட்டார்.

"குளிர் எண்டு ஒண்டு இல்லையெண்டால், சேர் என்னத்துக்குப் பிரிட்ஜ் வாங்கினீங்க?"

பிறகு நானே நின்று பார்த்துவிட்டு, இனி நாலில் சரியாக நிற்கும் என்று குசினியிலிருந்து சறோவுக்குச் சொன்னேன். அவள் முன்னறையிலிருந்து கேட்டாள்: "சொன்னது நீங்களோ, நானாவோ?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் தந்த எந்த உறுதியும் அந்தக் கேள்வியைத் தாண்டாமல் செல்லுபடியானதில்லை. மழை வராது என்பேன். பஸ் ஆறு மணிக்கு என்பேன். சொன்னது நீங்களோ, நானாவோ? மகள் கேட்டாள், மருமகன் கேட்கப் பழகினார், தமிழ் சரியாக வராத பேத்திகூடத் தொலைபேசியில் அந்த ஒரு வசனத்தைப் பிழையில்லாமல் சொல்கிறாள்.

சென்ற மாசியில் சறோ ஆஸ்பத்திரியில் இருந்தாள். சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்திருந்தன. கட்டிலருகே கதிரையில் இருந்து, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "சொன்னது நீங்களோ, டொக்டரோ?"

"டொக்டர்," என்றேன்.

"அப்ப சரி," என்றாள்.

டொக்டர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அது தனக்குத் தெரியாதது போல, அவள் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.