குத்தாலிங்கம் வீட்டுக் கூரை

முள்ளம்பன்றிக்கு எதுக்குக் கூரைன்னா கேக்குறீங்க மாப்ள? பொந்துல கெடக்கிற மிருகம்தானேன்னா? உங்க தாத்தா கூடத்தான் கயித்துக் கட்டில்ல வேப்ப மரத்தடியில படுத்தாரு. நீங்க எதுக்கு ரூமுக்கு ரூம் ஏசி போட்டீங்க? மிருகம்னா முன்னேறக் கூடாதுன்னு சட்டமா? முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சிரிங்க.

ஒரு காட்டுல குத்தாலிங்கம்னு ஒரு முள்ளம்பன்றி இருந்துச்சு. பொண்டாட்டி பேரு வடிவு. ஒரே பொண்ணு, அது பேரு மிருதுளா. உடம்பு பூரா ஊசியா நிக்கிற புள்ளைக்கு மிருதுளான்னு பேரு வச்சாங்கன்னா பெத்தவங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கணும்!

முந்தி அதுகளும் பொந்துலதான் இருந்துச்சுங்க. வடிவுதான், "நாளைக்குச் சம்பந்தி வந்தா தவழ்ந்தா உள்ள வருவாங்க?"ன்னு நச்சரிச்சு மண்சுவர் வச்சு வீடு கட்ட வச்சுச்சு. வீடு நல்ல வீடுதான். கூரைதான் ஒழுகும். கீத்து போட்டாங்க, ஒழுகுச்சு. ஓடு மாத்துனாங்க, ஒழுகுச்சு. தகரம் போட்டாங்க, அதுவும் ஒழுகுச்சு.

ஏன்னு கேளுங்க. கூரை தாழ்வு. இடி இடிச்சா குத்தாலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போடும். முள்ளு சிலிர்த்துக்கும். கூரையில ஓட்டை விழும். அது வழியா ஒரு சொட்டு மூக்கு மேல விழுந்தா கோவம் வரும். கோவத்துல இன்னும் சிலிர்க்கும், இன்னும் ஓட்டை. மழை விடறதுக்குள்ள கூரை இடியாப்ப அச்சு மாதிரி ஆயிரும். ஆனா அது மனசுக்குள்ள என்ன நினைப்புன்னா, பொருள் சரியில்ல, இல்லன்னா போட்ட ஆளு சரியில்ல.

இந்தக் கூரையால மிருதுளாவுக்கு வந்த ஒரு நல்ல எடம் தட்டிப் போச்சு. பொண்ணு பாக்க வந்த பையனோட அப்பா ஈரத் தரையில வழுக்கி, தன் முள்ளு மேல தானே உக்காந்துட்டாரு. எந்திரிச்சவரு வெத்தல கூட எடுத்துக்காமப் போயிட்டாரு. இப்ப மேலக்காட்டுலேருந்து இன்னொரு எடம். மாப்பிள்ளைக்குக் கெழங்குக் கடை. ஃபோட்டோ பாத்ததுலேருந்து மிருதுளா சரியாச் சாப்பிடல. "அம்மா, கெழங்கு மெல்லும்போது கூட எவ்வளவு அடக்கமா மெல்றாரு பாரும்மா"ன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்துச்சு.

வடிவு புருஷன்கிட்ட சொல்லிருச்சு. "இந்த எடமும் தவறுச்சுன்னா உங்க பொண்ணு காலம் பூரா இங்கயே குடையோட உக்காந்திருக்கும். அவங்க வர்றதுக்குள்ள கூரைய மாத்துங்க."

"எதுல மாத்துறது?"

அங்கதான் புருஷன் பொண்டாட்டிக்கு வாக்குவாதம். ஓடு போடலாம்னா, குரங்கு குதிச்சு ஒடைக்கும். கீத்து போடலாம்னா, மானு வந்து தின்னுட்டுப் போயிரும். மறுபடி தகரமா? "வெயில் காலத்துல அப்பளமாப் பொரிஞ்சது மறந்து போச்சா?"ன்னு வடிவு ஒரு பிடி பிடிச்சுச்சு. அப்ப கூலிங் பெயிண்ட் அடிச்சுக்கலாம்னுச்சு குத்தாலிங்கம். "ஆமை கதை ஆயிரும்"னுச்சு வடிவு.

ஆமை கதை உங்களுக்குத் தெரியாதுல்ல? வெயில் தாங்கலன்னு அந்த ஆமை முதுகுல வெள்ளையாக் கூலிங் பெயிண்ட் அடிச்சுக்கிட்டுச்சு. எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து, முட்டைன்னு நினைச்சு மேல உக்காந்து அடைகாக்க ஆரம்பிச்சுருச்சு. ஆமைக்கு எந்திரிச்சுப் போகணும். ஆனா ஒரு தாய் மனசைப் புண்படுத்தக் கூடாதுல்ல? அப்படியே இருந்துருச்சு. கொக்கு டெய்லி அதுகிட்ட, "கண்ணு, எப்படா வெளிய வருவே?"ங்கும். கடைசில ஒரு நாள் ஆமை தலைய வெளிய நீட்டுச்சு. கொக்கு பாத்துட்டு, "அவங்க அப்பா ஜாடை"ன்னுச்சு. சரி, அது கெடக்கட்டும். எங்க விட்டேன்?

ஆங், எதுல போடறதுன்னு முடிவாகல, வர்ற மேஸ்திரியவே கேட்டுக்குவோம்னு ஆள் தேடுனாங்க. முதல்ல மரங்கொத்தி வந்துச்சு. உள்ள நுழைஞ்சது, மேல பாத்துச்சு, நாக்க 'ச்சு'ன்னு கொட்டுச்சு. "யாருங்க இந்த வேலையச் செஞ்சது?"

எந்த மேஸ்திரி வந்தாலும் அதானே மாப்ள முதல் வார்த்தை? நம்ம பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்ட வந்தானே ஒருத்தன், அவன் ஒட்டுன டைல்ஸையே நாலு மாசம் கழிச்சுப் பாத்துட்டு "யாரும்மா இப்படி ஒட்டுனது?"ன்னான். நான் அவன வாஷ்பேசின் கண்ணாடி முன்னாடி கொண்டு போய் நிறுத்துனேன். தலைய சீவிக்கிட்டுப் போயிட்டான்.

மரங்கொத்தி, "டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம்"னுட்டு மேல ஏறி டொக்கு டொக்குன்னு கொத்துச்சு. ஓட்டை விழுந்துச்சு. அந்த ஓட்டை வழியா எட்டிப் பாத்து, "பாத்தீங்களா? ஸ்ட்ராங்கே இல்ல"ன்னுச்சு. குத்தாலிங்கம் வெளிய தொரத்துச்சு.

அடுத்து தூக்கணாங்குருவி. பெரிய எடத்து மேஸ்திரி, கூப்பிட்டா சீக்கிரத்துல வராது. வந்தது உள்ள கூட நுழையல. வாசல்ல நின்னுக்கிட்டே, "கூரை ஒழுகக் கூடாதுன்னா வீட்டைக் கவுத்து மரத்துல தொங்க விடணும். எங்க வீடெல்லாம் அப்படித்தான். உங்க வெயிட்டுக்குக் கெளை தாங்காது"ன்னுச்சு. அப்புறம் குத்தாலிங்கத்த மேலயும் கீழயும் பாத்துட்டு, "கூரை மேல தப்பில்லண்ணே. நீங்க சிலுத்துக்காம இருந்தாப் போதும்"னுச்சு.

இந்த மாதிரிக் கதையில என்ன ஆகும்? குத்தாலிங்கம் புத்தி தெளிஞ்சு, குருவி கால்ல விழுந்து, அன்னையிலேருந்து கோவத்த விட்டுருச்சுன்னுதானே வரணும்? அப்படி வரல. "என் வீட்டுக்கு வந்து என்னையே குத்தம் சொல்றியா!"ன்னு சிலிர்த்துச்சு. புதுசா நாப்பது ஓட்டை. குருவி, "நான் சொல்லல?"ன்னுட்டுப் பறந்துருச்சு.

அப்பத்தான் நரி வந்துச்சு. நரி நல்லதம்பி, 'நல்லதம்பி ரூஃபிங்' ஓனரு. கையில ஒரு சாமான் கிடையாது, ஃபோனு மட்டும்தான். மேல பாத்துச்சு. "ச்சு. யாருண்ணே இந்த வேலையச் செஞ்சது?"

"நீதாண்டா. போன மழைக்கு முன்னாடி தகரம் போட்டது நீதான்"னுச்சு குத்தாலிங்கம்.

நரி அசரணுமே! "அதான் பாத்தேன், இவ்வளவு நாள் தாங்கியிருக்கே! வேற எவனாவது போட்டிருந்தா வீடே போயிருக்கும்ண்ணே."

குத்தாலிங்கத்துக்கு அது நியாயமாப் பட்டுச்சு. வடிவுக்குந்தான்.

நரி சொல்லுச்சு, "அண்ணே, மேல பச்சைக் கலர் ஷீட்டு. கீழ தெர்மாகோல்ல ஃபால்ஸ் சீலிங். வர்ற சம்பந்தி அண்ணாந்து பாத்தா கழுத்த எறக்க மாட்டாங்க. வாரண்டி வேற உண்டு." வாரண்டி அட்டையும் குடுத்துச்சு. அதுல என்ன போட்டிருந்துச்சுன்னா, மழை, வெயில், காத்து, மிருகம் இதெல்லாம் படாத வரைக்கும் கம்பெனி பொறுப்பு.

"சிலுத்துக்கிட்டா தாங்குமா?"ன்னு வடிவு தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு.

"அண்ணன் எதுக்கு அண்ணி சிலுத்துக்கப் போறாரு? தங்கமான மனுஷன்!"

முள்ளம்பன்றிய மனுஷன்னு சொன்னதுல குத்தாலிங்கம் உருகிப் போச்சு. வேலைய நரிக்கே குடுத்துருச்சு.

உள்ளேருந்து பாத்தா கூரை வெள்ளை வெளேர்னு கல்யாண மண்டபமாட்டம் ஆயிருச்சு. மேலக்காட்டுக்காரங்க வர்ற அன்னிக்கு வடிவு புருஷனுக்கு மோர்ல பெருங்காயம் கரைச்சுக் குடுத்து, "இடி இடிச்சாலும், எவன் என்ன சொன்னாலும், சிலுத்துக்கக் கூடாது"ன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. ஆனா பாருங்க, ஒண்ண மட்டும் எல்லாருமே மறந்துட்டாங்க. முள்ளம்பன்றிங்க குலத்துல மரியாதைன்னா என்ன? நாம கும்பிடுவோம். அதுங்க எந்திரிச்சு நின்னு முள்ள முழுசா விரிக்கும். எவ்வளவு விரிக்குதோ அவ்வளவு மரியாதை.

மாப்பிள்ளையோட அம்மா வஜ்ரவல்லி முன்னால வந்துச்சு. பின்னால மாப்பிள்ளை, சித்தப்பாமாரு, அத்தைமாருன்னு ஒரு படை. "வாங்க, வாங்க!"ன்னு குத்தாலிங்கம் எந்திரிச்சு நின்னு விரிச்சுச்சு. சும்மா விரிக்கல, சம்பந்தின்னு பக்தியா விரிச்சுச்சு. வந்தவங்க விட்டுக் குடுப்பாங்களா? அத்தனை பேரும் ஒரே நேரத்துல விரிச்சாங்க.

சரக்!

தெர்மாகோல் பொடிப் பொடியாக் கொட்டுது. ஊட்டியில பனி பெய்யற மாதிரி. பஜ்ஜித் தட்டு மேல, மாப்பிள்ளை மீசை மேல, வஜ்ரவல்லி கொண்டை மேல. பச்சை ஷீட்டு பூரா ஊசி ஊசியா வெளிச்சம். மிருதுளா காப்பித் தட்டோட வந்தது அப்படியே நின்னுருச்சு, கண்ணுல தண்ணி முட்டிருச்சு. வடிவு சாமிய நெனச்சுக்கிட்டு சுவத்துல சாஞ்சுருச்சு.

வஜ்ரவல்லி அண்ணாந்து பாத்துச்சு. "என்ன இது?"

நரி மூலையில உக்காந்து கேசரி தின்னுக்கிட்டிருந்துச்சு. விரல நக்கிக்கிட்டே எந்திரிச்சு வந்துச்சு. "ஸ்டார் சீலிங்ம்மா. பகல்லயே நட்சத்திரம். பெரிய பெரிய ரிசார்ட்டுல எல்லாம் இப்ப இதான்."

அந்த நேரம் பாத்து மழை பிடிச்சுக்கிச்சு. அத்தனை ஓட்டையிலேருந்தும் சர்ருன்னு எறங்குது. எல்லாரும் நரிய பாக்குறாங்க.

"இது ரெயின் ஷவர். இதுக்குத் தனியா பட்டன் கூட வேண்டாம்மா, ஆட்டோமேட்டிக்."

வஜ்ரவல்லி மூக்குல சொட்டுது, தொடைக்கல. அப்படியே மெதுவா மகன் பக்கம் திரும்புச்சு. "டேய், நம்ம வீட்டுலயும் இதுதானேடா இருக்கு?"

"ஆமாம்மா."

"உங்கப்பா காலத்துலேருந்து இருக்கே! ஒழுகுது ஒழுகுதுன்னு நாமதாண்டா விவரம் தெரியாம வெளிய சொல்லாம மறைச்சு வச்சிருந்தோம்!" அதுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "இந்த வீட்டுப் பொண்ணுதாண்டா நம்ம வீட்டுக்கு ஒத்து வரும். தட்டை மாத்துங்க!"

மிருதுளா மாப்பிள்ளைய பாத்துச்சு. மாப்பிள்ளை நனைஞ்ச பஜ்ஜிய அடக்கமா மென்னுக்கிட்டிருந்துச்சு.

கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. வந்த சனமெல்லாம் நனைஞ்சுக்கிட்டே சாப்பிட்டு, "என்ன ஏற்பாடு, என்ன ஏற்பாடு!"ன்னு போச்சு. அப்புறம் காட்டுல ஒழுகாத கூரை போட்டவன் எல்லாம் வெக்கப்பட்டுக்கிட்டு நல்லதம்பிக்கு ஃபோனைப் போட்டான். தூக்கணாங்குருவி மட்டும் ஒரு வாரம் வீம்பா இருந்துச்சு. அப்புறம் அதோட பொண்டாட்டியே, "ஊர் உலகத்துல எல்லாரு வீட்லயும் இருக்கு, எனக்கு மட்டும் ஒண்ணு கிடையாது"ன்னு ஒப்பாரி வச்சுருச்சு. பாவம், கண்ண மூடிக்கிட்டு அதுவே தன் கூட்டுல ஒரு குத்து குத்திக் குடுத்துச்சு.

நீதி: ஓட்டைய அடைக்கத் தெரிஞ்சவன கூப்பிடாதே, ஓட்டைக்கு இங்கிலீஷ்ல பேரு வைக்கத் தெரிஞ்சவன கூப்பிடு.

என்ன மாப்ள, மேல பாக்குறீங்க? அது ஒண்ணுமில்ல, நேத்துதான் ஆள் வந்து சரி பண்ணிட்டுப் போனான். கொஞ்சம் அந்தப் பக்கமா நகந்து உக்காருங்க. ஏ பூங்கோதை! கொல்லையில கவுத்து வச்சிருக்கிற அந்தக் குண்டானை உள்ள கொண்டா. உன் வீட்டுக்காரரு தோள் மேல சொட்டுது!