தராசும் நான்கு டப்பாவும்

டப்பா ஒன்றென்றால் அதில் எதை நிரப்பினாலும் தீவனம் ஒன்றுதான் என்று 1991-இல் நான் மனப்பூர்வமாக நம்பினேன். அதை உலகத்திலேயே நம்பாத ஒரே ஆளோடுதான் வேலை பார்த்தேன். எல்லோருக்கும் அவர் தராசு. சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

ஒரகடம் தாண்டி ஒரு குதிரைப் பண்ணை. நான் ஸ்டோர் கிளார்க். என்னைவிட இரண்டு வயது சின்னவரான தராசு தீவனக்காரர். இடுப்பில் எப்போதும் கொக்கித் தராசு தொங்கும். ஓட்ஸ், தவிடு, காய்ந்த புல் எல்லாம் எடை போட்டுத்தான் போகும். தன் சோற்றுத் தூக்கையும் மாட்டிப் பார்ப்பார். எடை குறைந்தால் காலையில் வீட்டில் சண்டை என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

பால் கொடுக்கும் குதிரைக்குச் சும்மா நிற்கும் குதிரையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும் என்பார். குட்டி விஷயத்தில் மட்டும் மகா கருமி. நான் பாசத்தில் ஒரு கை கூடுதலாக அள்ளினால், "வுடு சார். எலும்ப வுட்டுட்டு ஒடம்பு முன்னால ஓடிச்சின்னா முட்டி வீங்கிக்கும்" என்று பிடுங்கிக்கொள்வார்.

மணிமங்கலத்தில் அவருடைய மச்சினிச்சி கல்யாணம். தராசையும் கட்டிக்கொண்டுதான் போனார், இலையில் விழும் லட்டை நிறுக்கவோ என்னவோ. சிவப்பிக்கு நான்கு டப்பா ஓட்ஸ் என்று சொல்லி என் கையில் தகர டப்பாவைக் கொடுத்தார். சிவப்பி, குட்டி போட்டு ஆறு வாரமான குதிரை. மூட்டையில் ஒரு டப்பா ஓட்ஸ்தான் இருந்தது. மீதி மூன்றையும் மக்காச்சோளமாகப் போட்டுவிட்டு, என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து மணிக்குச் சிவப்பி தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தரையைச் சுரண்டினாள். படுத்துவிட்டாள். குட்டி மடியைத் தேடி முட்டியது; அவள் எழவில்லை. டாக்டருக்கும் மணிமங்கலத்துக்கும் ஆள் அனுப்பினேன். இவள் போய்விட்டால் குட்டியின் கதி? எனக்குப் பால் சுரக்காதே என்றுகூட வருந்தினேன்.

தராசு பட்டு வேட்டியோடு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இன்னா சார் போட்ட?"

"நீ சொன்ன மாதிரி நாலு டப்பாதான்."

மூட்டையைப் பார்த்தார். டப்பாவில் சோளத்தை நிரப்பிக் கொக்கியில் மாட்டினார். முள் ஓட்ஸுக்கு நிற்கிற இடத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டே போனது.

"அவ வவுறு டப்பாவ எண்ணாது சார். கனத்ததான் பாக்கும்."

சிவப்பியைக் கிளப்பி மெல்ல நடத்தினார். விலாவில் காதை வைத்தார். "கொடல்ல சத்தமே இல்ல" என்றார். என் இதயத்திலும் அப்போது சத்தமில்லை. டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். தராசு மறுபடி நடத்தினார். அங்கே பந்தி முடிந்து இலையே எடுத்திருப்பார்கள்.

நான்கு மணிக்குச் சிவப்பி லத்தி போட்டாள். தராசு அதையும் ஒரு சாக்கில் வாரி, கொக்கியில் மாட்டி, முள்ளைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்ததால் எனக்கு எண் தெரியவில்லை.

முதலாளி வந்து, தீவனம் வைத்தது யார் என்று கேட்டார்.

"நாந்தான் சார், சரியா சொல்லாம பூட்டேன்" என்றார் தராசு.

குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது.