எழுபத்தொரு அதிகாரிகளும் ஒரு ஓட்டையும்

ஒரு கப்பலுக்கு மூன்று பேர் போதும் என்று எங்கள் பீரங்கிக்காரர் மடோக் கிழவர் சொல்வார். சுக்கானைப் பிடிக்க ஒருத்தன், கயிற்றை இழுக்க ஒருத்தன். மூன்றாவது ஆள் எதற்கென்று சொன்னாரோ, நினைவில்லை. அப்போது 'மெர்சி' கப்பலில் அவரையும் சேர்த்து நாங்கள் எழுபத்துமூன்று பேர் இருந்தோம். ஆகவே யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. கிழவரும் அந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார்.

நாங்கள் கடற்கொள்ளையர்கள். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எங்களில் அறுபது பேராவது மன்னரின் போர்க்கப்பல்களிலிருந்து ஓடிவந்தவர்கள். ஏன் ஓடிவந்தாய் என்று நாசோ துறைமுகத்துச் சாராயக் கடையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: அதிகாரிகளின் தொல்லை. அதனால் எங்கள் உடன்படிக்கையின் முதல் விதியே எல்லோரும் சமம் என்பது. ஆளுக்கு ஒரு வாக்கு. கேப்டனை வாக்குப் போட்டு ஏற்றுவோம். பிடிக்காவிட்டால் வாக்குப் போட்டு இறக்குவோம். துரத்தும்போதும் சண்டையிலும் மட்டும் அவர் சொல்வது சட்டம். மற்ற நேரத்தில் அவர் தட்டிலிருந்து யார் வேண்டுமானாலும் ஒரு கறித்துண்டை எடுத்துத் தின்னலாம்.

இப்படிச் சுகமாக இருந்த எங்களிடம் ஒரு சித்திரை வெயிலில் ஒரு வணிகக் கப்பல் அகப்பட்டது. ஏதோ ஒரு தீவின் அரசு அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கு. சர்க்கரை இல்லை, ரம் இல்லை. ஆறு பெட்டி பொய்முடி, அரக்கு, முத்திரை, மை, காகிதம், ஒரு கட்டுப் பழைய கோப்பு. வேறு எந்தக் கொள்ளையராக இருந்தாலும் காறித் துப்பிவிட்டுக் கடலில் எறிந்திருப்பார்கள். எங்கள் கேப்டன் கல்வெர் ஒரு பொய்முடியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தார்.

அவ்வளவுதான்.

மறுநாள் கப்பலில் தலை தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. தார் ஒட்டிய சடைகளின் மேல் வெள்ளைச் சுருள்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குப் பூச மாவு வேண்டுமென்று ரொட்டி நிறுத்தப்பட்டது. காற்றில் அவை பறந்துவிடக் கூடாது என்பதற்காகப் பாய்களைச் சுருக்கி மெதுவாகச் செல்வதென்று பெரும்பான்மை வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. கொள்ளைக் கப்பலைச் சரக்குக் கப்பல்கள் முந்திக்கொண்டு போன சரித்திரம் அந்த வாரம்தான் தொடங்கியது.

கேப்டன் தம்மைத் 'தலைமைக் கடல் ஆணையர்' என்று அழைக்கச் சொன்ன அன்று சமையற்காரர் ஸ்டப்ஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நேரே குவார்ட்டர்மாஸ்டர் ஓபதையா பிளைத்திடம் போனார். பங்கு பிரிப்பதும் பஞ்சாயத்துத் தீர்ப்பதும் பிளைத்தின் வேலை. கோப்புக் கட்டு முழுவதையும் படித்து முடித்திருந்ததும் அவர் ஒருவர்தான்.

"அண்ணே, முதல் விதி என்ன சொல்லுது?"

"எல்லாரும் சமம்."

"அப்ப அவரு ஆணையரு, நான் மட்டும் வெறும் சமையக்காரனா?"

பிளைத் தாடையைச் சொறிந்தார். "நியாயமான கேள்வி. இதுக்கு ரெண்டு வழி இருக்கு. அவரை இறக்கிச் சமமாக்கலாம், இல்ல நம்ம எல்லாரையும் ஏத்திச் சமமாக்கலாம். எது நல்லாருக்கு?"

வாக்கெடுப்பு நடந்தது. முடிவைச் சொல்ல வேண்டியதில்லை.

முன்பாய்மரத்துக்கு ஓர் இயக்குநர், நடுப்பாய்மரத்துக்கு ஓர் இயக்குநர், பின்பாய்மரத்துக்கு ஒரு பொறுப்பு இயக்குநர். நங்கூரம் இரண்டு, எனவே வாரியம் இரண்டு. சுக்கானுக்கு இடது திருப்பம், வலது திருப்பம் என்று இரு செயலர்கள். நேரே போவது யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. கப்பலுக்குள் கசியும் நீரை இறைக்கும் பம்புக்கு மட்டும் நான்கு ஆணையர்கள். நான் உச்சிப்பாய் மேற்கு முகத்தின் துணை இயக்குநர். கப்பல் திரும்பினால் அது கிழக்கு முகமாகிவிடும். உடனே பொறுப்பை எழுதி ஒப்படைத்துவிட்டு இறங்க வேண்டும். இப்படி எழுபத்தொரு பதவிகள். எழுபத்திரண்டாவது ஆள் தச்சர் ஐசக் ட்ரெகியர். அன்று அவர் கப்பலின் அடிவயிற்றில் பலகை தட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் கூட்டத்துக்கு வரவில்லை. வராதவருக்குப் பதவி இல்லை.

ஆறாம் நாள் காலை அவர் முழங்கால்வரை நனைந்து மேலே வந்தார்.

"ஓபதையா, முன்பக்கத்துல நாலு பலகையப் புழு தின்னுருச்சு. தண்ணி உள்ள வருது. இப்பவே பம்புக்கு எட்டு ஆள் வேணும். ரெண்டு நாளைக்குள்ள ஏதாவது மணல்திட்டுல கப்பலச் சாய்ச்சுப் போட்டுப் பலகையை மாத்தணும்."

"எழுதிக் கொண்டாங்க, தச்சரே," என்றார் பிளைத்.

"நான் உன் முன்னாடிதானய்யா நிக்கறேன்?"

"நிக்கறது தெரியுது. பதிவாகலையே."

ட்ரெகியர் எழுதிக் கொடுத்தார். மதியம் பதில் வந்தது, அரக்கு முத்திரையோடு: 'பார்வையில் காணும் தங்கள் மனுவில், மேற்படி ஓட்டை முன்பக்கத் துறையைச் சார்ந்ததா, அடித்தளத் துறையைச் சார்ந்ததா என்பது தெளிவாக்கப்படவில்லை. உரிய வழியில் மறுபடி சமர்ப்பிக்குமாறு கனிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

இரு துறைகளும் கூட்டாய்வுக்கு வந்தன. இரு இயக்குநர்களும் பொய்முடியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்தே எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் தத்தம் எல்லைக்குள் அதிகாரபூர்வமாக நுழைந்ததற்குச் சான்று இல்லை என்று இருவரும் தனித்தனியே குறிப்பெழுதினார்கள்.

தச்சர் பம்புக்குப் போனார். நான்கு ஆணையர்களும் அங்கேதான் இருந்தார்கள். பம்பின் மேல் மை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கை போடுங்கப்பா."

"ஆணையரே பம்படிச்சா, பம்படிக்கிறவரு என்ன பண்ணுவாரு?"

"அவரும் அடிப்பாரு."

"அப்படி ஒருத்தரும் நியமிக்கப்படலியே, தச்சரே."

மறுநாள் தண்ணீர் அவர் படுக்கும் தூளியைத் தொட்டது. அவசர ஆணை ஒன்று பிறப்பிக்கலாம் என்று பிளைத் ஒப்புக்கொண்டார். ஆனால் வட்டக் கையெழுத்து வேண்டும்.

மன்னரின் கப்பல்களில் புகார் மனு எழுதினால், முதல் கையெழுத்துப் போட்டவனைத்தான் தூக்கில் போடுவார்கள். அதனால் மாலுமிகள் பெயர்களை வட்டமாகப் போடுவார்கள். யார் முதல், யார் கடைசி என்று எவனாலும் சொல்ல முடியாது. அந்த வழக்கத்தை நாங்கள் பக்தியோடு காத்துவந்தோம். இப்போது பிளைத் அதை விதியாக்கினார்: வட்டத்தில் முதல் பெயர் என்று ஒன்று கிடையாது, ஆகவே முதலில் பேனாவைத் தொடுபவர் விதியை மீறியவர் ஆவார்.

எழுபத்தொரு பேரும் காகிதத்தைச் சுற்றி நின்றோம். எல்லோரும் இரண்டாவதாகக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தோம்.

"நான் போடறேன், கொண்டா," என்றார் ட்ரெகியர்.

"மனுதாரர் போடக் கூடாது. அதோட நீங்க அதிகாரியும் இல்ல."

"எனக்கு நீச்சல் தெரியாது, ஓபதையா."

"அது தனி மனு."

தச்சர் கேப்டனிடம் போனார். நானும் அருகில்தான் இருந்தேன். "அதோ ஒரு பாய் தெரியுதுன்னு வச்சுக்குங்க கேப்டன். துரத்தல் ஆரம்பிச்சாச்சு. நீங்க சொல்றதுதான் சட்டம். பம்படிங்கடான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

கேப்டன் யோசித்தார். "துரத்தினா வேகமாப் போகணும்ல?"

"ஆமா."

கேப்டனின் கை தானாகத் தலைக்குப் போனது. "பாக்கலாம்," என்றார்.

எட்டாம் நாள் நண்பகலில் 'மெர்சி' மூழ்கியது. எல்லோரும் சமம் என்பதால் படகில் யார் முதலில் இறங்குவது என்று முடிவாகவில்லை. படகுகள் கட்டியபடியே கப்பலோடு போயின. நல்லவேளையாகக் கப்பலை விட்டு நாலு கை தள்ளிப் போனால் கடல் நெஞ்சளவுதான். ஒரு பீப்பாயைக் கட்டிக்கொண்டு தச்சரும், முத்திரைப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நாங்களும், பக்கத்து மணல்திட்டில் கரையேறினோம். தண்ணீருக்கு மேல் நடுப்பாய்மரம் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் இயக்குநர், தமது துறையில் குறைபாடு ஏதும் இல்லை என்று பதிவு செய்யச் சொன்னார்.

குடிக்க ஒரு குட்டை மழைநீர், தின்ன நத்தை. முதல் வேலையாக விசாரணைக் குழு அமைத்தோம். மூன்று நாளில் அறிக்கை தயாரானது. ஓட்டை இருப்பது எல்லோருக்கும் முன்னால் தெரிந்தவர் தச்சர். எனவே பொறுப்பும் தச்சருடையது. ஆயினும், கரையொதுங்கிய பலகைகளை வைத்துப் படகு கட்டத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்பதால், குற்றத்தை மன்னித்து, அவரை 'மீட்புப் படகுக் கட்டுமானத் தலைமை ஆணையர்' ஆக்குவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். இப்போது எழுபத்திரண்டு பேரும் சமம்.

பிளைத் ஆணையைப் படித்துக் காட்டினார். ட்ரெகியர் ரம்பத்தின் உப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சரி. மரம் தூக்க எத்தனை பேரு வரீங்க?"

ஸ்டப்ஸ் என்னைப் பார்த்தார். நான், பாய் ஏற்றிய பிறகு அதன் மேற்கு முகத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். பம்பு ஆணையர்கள் படகில் பம்பு உண்டா என்று விசாரித்தார்கள். கேப்டன், ஒத்துழைப்பு உண்டு என்றார். மற்றவர்கள் அதை வழிமொழிந்தார்கள்.

ட்ரெகியர் எங்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு கரைக்குப் போனார். ஒதுங்கிக் கிடந்த பலகைகளில் நல்லவையாக ஒன்பதைப் பிரித்தெடுத்தார். ஒரு பலகையை மணலில் கிடத்தி, அதன் பக்கத்தில் தானே மல்லாந்து படுத்து, தலைக்கும் காலுக்கும் கரித்துண்டால் கோடு போட்டார்.

ஓர் ஆள் மட்டும் உட்காரும் படகு கட்டுவதென்று முடிவு செய்தார்.