அழகுமலையின் கடைசி மேடைகள்

விடைபெறும் கலைஞர் என்றொரு பிறவி உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். விடைபெறுவார், போகமாட்டார்.

அந்த இனத்தில் தலைசிறந்தவர் நாடக நடிகர் அழகுமலை. அல்லிநகரத்தில் மைக் செட் கடையில் வேலை பார்த்தவர், கதாநாயக வேஷம் கட்டும் ராஜபார்ட் வராமல் போன ஒரு திருவிழாவில் முருகன் வேஷம் கட்டி, எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் பாடி, அன்று முதல் போடியிலிருந்து கம்பம் வரை நாடக நோட்டீஸ்களில் பெரிய எழுத்தாக ஆகிவிட்டார். முடி கொட்டியது, கிரீடம் மறைத்தது. மூச்சு வாங்கியது, ஆர்மோனியம் நிரப்பியது. வள்ளியாக நடித்தவர்கள் ஒவ்வொருவராக மாமியார் ஆனார்கள். முருகனுக்கு மட்டும் வயதாகவில்லை.

சில வருஷமாக ஒரு பழக்கம். நாடகம் தொடங்குமுன் மைக்கைப் பிடித்து, குரல் தழுதழுக்க, இதுவே என் கடைசி மேடை என்பார். கூட்டம் பதறும். கமிட்டிக்காரர்கள் ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள். மக்கள் விருப்பம் அதுவானால் என்று அவரும் மனமிரங்குவார். அடுத்த வாரம் அடுத்த ஊரில் அடுத்த கடைசி மேடை.

போன வருஷம் கம்பத்தைத் தாண்டி லோயர் கேம்ப் என்ற ஊரின் திருவிழாவிலும் சொன்னார். கமிட்டித் தலைவர் கர்ணன் ஓடித்தான் வந்தார். கையில் பொன்னாடை.

"அண்ணன் ரொம்ப உழைச்சுட்டாக. இனிமே அவுகளத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்று போர்த்திவிட்டு, அடுத்த வருஷம் முருகனாகப் புது நடிகர் மதன்குமார் வருவார் என்றும் அறிவித்தார். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. ஒரே ஒரு மறுப்புக் குரலுக்காக அழகுமலை காத்து நின்றார். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். அழகுமலைக்கு உயிர் வந்தது. எழுந்தவர் டீக்கடைப் பக்கம் நடந்தார்.

அன்று அவர் நிஜமாகவே நன்றாகப் பாடினார். அதுதான் கொடுமை.

நாடகம் முடிந்ததும், வள்ளியாக நடித்த சொர்ணலதாவிடம், நான் சும்மா சொன்னது இவர்களுக்குப் புரியாதா என்று கேட்டார்.

"நீங்க கேட்டதத்தான அண்ணே குடுத்திருக்காக" என்றார் அவர், முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டே. "வேணாம்னா அப்பவே சொல்லியிருக்கணும்."

"எப்படி ஆத்தா சொல்றது? எல்லாரும் கை தட்டிட்டாகளே."

இந்த வருஷம் அங்கே மதன்குமார்தான் முருகன். அழகுமலை வள்ளியின் அப்பா வேஷம். யாரும் கூப்பிடவில்லை, ஆள் குறைகிறதாமே என்று அவரே போன் போட்டார். முருகனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதிக்க வேண்டிய இடத்தில், மூன்று பாட்டு முழுக்க மறுத்துக்கொண்டே நின்றார்.

சிரிக்கிறீர்களா? சரி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ‘நான் விலகிக்கொள்கிறேன்’ என்று நீளமாக எழுதிப் போட்டுவிட்டு, விலகாமல், யார் தடுக்கிறார்கள் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தது யாராம்?