நுனியைக் கிள்ளவும்

பூனை அலமாரி உச்சிக்கு ஏறியதற்கு முழுப் பொறுப்பும் பிழைதிருத்துபவருடையதுதான். வாலின் நுனியைக் கிள்ளியது அவர். மெதுவாகத்தான் கிள்ளினார். பூனை அப்படி நினைக்கவில்லை.

"மூக்குல ரத்தம்," என்று பஞ்சை நீட்டினாள் மனைவி. அவள் நர்ஸ். அனுதாபத்தையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே செலவழித்துவிட்டு வருபவள். "அதோட வாலை எதுக்குங்க கிள்ளுனீங்க?"

"சீட்டுல எழுதியிருக்கே. 'வாடினால் நுனியைக் கிள்ளவும்'. ரெண்டு நாளா வாடித்தானே கெடக்கு."

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மகன் வீட்டோடு போய்விட்டார். போகிற அவசரத்தில் கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகி, வாசலில் ஏதோ செடி நட்ட பழைய மண்பானை ஒன்றையும் விட்டுப் போயிருந்தார். சீட்டில் நான்கு பிழைகள். அச்சகத்தில் முப்பது வருடமாக அடுத்தவர் பிழையில் சாப்பிடுகிறவர், நான்கையும் சிவப்பு மையில் சரிசெய்த பிறகுதான் விஷயம் என்னவென்றே படித்தார். அந்தம்மாவின் சன்னலில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் சாம்பல் நிறப் பூனை இனி அவர் பொறுப்பு.

தேடிப் பிடித்துக் காய்கறிப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். பூனை ஒதுங்குவதற்கு மண்ணோடு பானையும் வைத்துப் போன அந்தம்மாவின் முன்யோசனையை மெச்சினார். செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பானையைக் குளியலறையில் வைத்தார்.

சீட்டில் சன்னல் ஓரம் வைக்கச் சொல்லியிருந்தது, பூனையை அங்கே வைத்தார். பூனை கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் காலை, 'மேலே லேசாகத் தண்ணீர் தெளிக்கவும்' என்ற வரியின்படி தெளித்தார். நனைந்த பூனை, அவர் திருத்தி முடித்திருந்த நூற்றிருபது பக்கங்கள் மீதும் ஒன்று விடாமல் நடந்தது. அதன் பிறகு, 'தினமும் கால் சுற்று திருப்பி வைக்கவும்'.

"நான் திருப்பி வெச்சா அது திரும்பவும் திரும்பிக்குது," என்று முறையிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன்," என்றாள் மனைவி. "அதுக்குள்ள பழகலன்னா அந்தம்மாகிட்டயே கொடுத்துடணும்."

அந்த வாரம் முழுக்க அவர், "வீட்டுல ஆள் காத்துக்கிட்டிருக்கு" என்று சொல்லி அச்சகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பினார். காத்திருந்த ஆள் அலமாரி உச்சியைவிட்டு அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மிச்சமிருந்த தையல் மெஷினை எடுத்துப்போக அந்தம்மா வந்தார். பிழைதிருத்துபவர் முக்காலி மேல் நின்று அலமாரியைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. நீங்க எழுதுனதுல ஒண்ணு விடல. தெளிச்சேன், திருப்பி வெச்சேன், கிள்ளுனேன். ஏன் பழக மாட்டேங்குது?"

அந்தம்மா சீட்டை வாங்கிக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு தள்ளிப் பிடித்தார்.

"நான் 'பானை'ன்னுதானே சார் எழுதினேன். அதைப் 'பூனை'ன்னு யாரு திருத்துனது?"

சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை அவர் கையால் மறைத்தார்.

அந்தச் சமயம் பார்த்துப் பூனை அலமாரியிலிருந்து தானாகவே இறங்கி, மூவருக்கும் நடுவில் நிதானமாக நடந்து, குளியலறைக்குள் நுழைந்து, பானையில் ஏறி மண்ணைத் தோண்டியது.

"என் ரோஜாச்செடி," என்றார் அந்தம்மா.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து ஓய்ந்தாள். "மன்னிச்சுக்கோங்கம்மா, செடி போனது போயிடுச்சு. உங்க பூனையையாவது பத்திரமா கூட்டிட்டுப் போங்க."

வேலை முடிந்து வந்த பூனை, அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் முறையாகப் பிழைதிருத்துபவர் காலில் உரசி, பாதத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. அவர் குனிந்து அதையே பார்த்தார். நிமிரவில்லை.

"என் பூனையா?" என்றார் அந்தம்மா. "பெத்த புள்ள மாதிரி பாக்க வேண்டியதை இப்படித் தெருவுல விட்டுட்டீங்களேன்னு, உங்க பூனைக்கு ரெண்டு வருஷமா பால் ஊத்துனது நான்."