கீழ் வீடு சின்ன நாடாம்!

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இப்போதுதான் சாமி கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன், இந்தக் கையால் பொய் எழுதலாமா? உடம்புக்கு நலம், மனசுக்கு இல்லை. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். "சர்வதேச உறவுகள் படிக்கட்டும், நாடுகளுக்கு நடுவே சண்டை தீர்க்கிற படிப்பு" என்று என் மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டது நீங்கள். ஆகவே அவளை அதிலிருந்து எடுத்து வணிகவியலுக்கு மாற்ற வேண்டியதும் நீங்கள்தான். உடனே புறப்பட்டு வாருங்கள்.

இந்தப் பருவத்தில் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்களாம். அக்கம்பக்கத்து நாடுகள் இரண்டு ஏன் முறைத்துக்கொள்கின்றன, எப்படிச் சமாதானம் செய்யலாம் என்று ஆராய வேண்டுமாம். உலகத்தில் நாட்டுக்கா பஞ்சம்? இவள் எடுத்துக்கொண்டது கீழ் வீட்டில் இருக்கிற என்னையும் மாடி வீட்டில் இருக்கிற என் ஓரகத்தியையும். மொட்டை மாடிக் கொடியில் யார் துணிக்கு எந்தப் பாதி என்று எங்களுக்குள் நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருக்கிற மனஸ்தாபம் உங்களுக்குத் தெரியும். அதுதான் எல்லைப் பிரச்சினையாம். சரி, பிள்ளை நம்மை வைத்துப் படிக்கிறாளே என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். ஆனா என்கிட்ட நின்னுக்கிட்டே ரெண்டு கேள்வி கேட்டுட்டு, மாடியில போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துடறா, அண்ணா. சிரிப்புச் சத்தம் கீழே வரைக்கும் கேக்குது. என்னடி அங்க அவ்வளவு நேரம்னா, "நான் நடுநிலைம்மா, ரெண்டு பக்கமும் பேசணும்"ங்கறா. பெத்தவளுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவுல என்ன நடுநிலை? நான் வரவு செலவு எழுதிப் பழகினவ. என் வீட்டுச் சிரிப்பு மாடி வீட்டு வரவுல ஏறினா என் கண்ணுல படாதா?

பிறகு கல்லூரியில் அதை எல்லோர் முன்னாலும் சொல்கிற நாள் வந்தது. எங்கள் இரண்டு பேரையும் அழைத்துப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். விளக்கை அணைத்துத் திரையில் படம் போட்டாள்: எங்கள் இரண்டு வீடும், மேலே மொட்டை மாடி, குறுக்கே கொடி, அதில் என் கிழிந்த தலையணை உறை வேறு. மாடி வீட்டின் மேல் 'வல்லரசு' என்று எழுதியிருந்தது. கீழ் வீட்டின் மேல் 'சிறிய நாடு'. ஏனாம்? தண்ணீர் மோட்டார் சுவிட்ச் மாடியில் இருக்கிறதாம்! எல்லோரும் கைதட்டினார்கள். ஓரகத்தி எழுந்து நின்று கும்பிட்டாள், அண்ணா, எழுந்து நின்று!

அதுல இருந்து மாடிப்படியில நின்னு, "என்ன சின்ன நாடு, சமையல் ஆச்சா? மோட்டார் போடட்டுமா, பேச்சுவார்த்தைக்கு வர்றியா?"ங்கறா. சாமி முன்னால உட்கார்ந்தா எனக்குச் சுலோகம் வரல, சுவிட்ச்தான் வருது. பள்ளிக்கூடம் பாதியில நின்னாலும் எழுத்துக்கூட்டி நானே படிச்சுக்கிட்டவ இல்லையா, இவ புத்தகத்தை எடுத்து, சின்ன நாடெல்லாம் எப்படித் தாக்குப்பிடிக்குதுன்னு பார்த்தேன். அதன்படி மாடிக்குச் சர்க்கரை கொடுக்கறதை நிறுத்தினேன். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் கீழேயும் ஒரு சுவிட்ச் வச்சேன். அவ போட நான் அணைக்க, நான் போட அவ அணைக்க, மோட்டார் புகைஞ்சு உட்கார்ந்துடுச்சு. உங்க மாப்பிள்ளையும் அவர் அண்ணனும் குடத்தைத் தூக்கிக்கிட்டுத் தெருக்குழாய்க்குப் போனாங்க. மகள் பதறுவாள்னு பார்த்தா, "அம்மா, இதுதான் பொருளாதாரத் தடை! இதுதான் ஆயுதப் போட்டி! படிக்கிறப்பப் புரியல, இப்பப் புரியுது"ன்னு என்னைக் கட்டிப்பிடிச்சா. நல்லாத்தான் இருந்துச்சு. அதே வேகத்துல மாடிக்கு ஓடி அவளையும் கட்டிப்பிடிச்சா. நடுநிலையாம்!

வணிகவியல்ல வல்லரசும் இல்லை, சின்ன நாடும் இல்லை. சந்தேகம் வந்தா கணக்குத் தெரிஞ்ச அம்மாகிட்டதான் வந்து உட்காரணும். சம்மணம் போட்டு.

ஆண்டவன் உங்கள் வீட்டில் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். அண்ணிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் தங்கை,
கீழ் வீடு

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு சேதி. மோட்டாரைப் பார்க்க வந்த எலக்ட்ரீசியனை நானும் ஓரகத்தியும் ஒரே குரலில் திட்டியதை மகள் பார்த்துவிட்டாள். சமாதானம் வந்துவிட்டது, உங்கள் இருவரையும் வைத்துச் செய்த ஆய்வு முடிந்தது என்று எங்களிடம் சொல்லிவிட்டு, அடுத்த பருவத்துக்கு எதிர்வீட்டு மாமியாரையும் மருமகளையும் எடுத்துக்கொண்டாளாம். காலையிலிருந்து அங்கேதான் சம்மணம். சிரிப்பு இங்கே வரை கேட்கிறது. ஓரகத்தி என்னைவிட வாடிய முகத்தோடு இறங்கி வந்து, "நம்மகிட்ட இல்லாத சண்டையா அவங்ககிட்ட இருக்கு?"ன்னா. நியாயமான கேள்வி. ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணிட்டோம். நாளைக்குக் காலையில முழுக் கொடியிலயும் என் போர்வையைப் போடப்போறேன், அவ உருவி எறியப்போறா, தெருவே கூடணும். அதனால் படிப்பை மாற்ற நீங்கள் வரவேண்டாம். இப்போதுதான் மாடிக்குச் சர்க்கரை கொடுத்தனுப்பினேன். பாவம், கத்துறதுக்குத் தெம்பு வேணுமில்ல?