மண்டையோட்டில் ஒரு விரிசல்

"மெஷினை நிறுத்துங்க!"

தரப் பரிசோதகர் போட்ட சத்தத்தில், இயந்திரம் நிற்பதற்கு முன்பே அதை ஓட்டிக்கொண்டிருந்தவரின் மூச்சு நின்றுவிட்டது.

பரிசோதகரின் உள்ளங்கையில் புத்தம்புதிய நினைவு நாணயம் ஒன்று இருந்தது. உலகப் புகழ்பெற்ற ஹெவி மெட்டல் இசைக்குழு ஒன்றின் நாற்பதாம் ஆண்டைக் கொண்டாட அரசாங்கமே வெளியிடும் நாணயம். ஒரு காலத்தில் இவர்களுடைய பாட்டை வானொலியில் போடக் கூடாதென்று தடை போட்டதும் இதே அரசாங்கம்தான். நாற்பது வருடம் தாக்குப்பிடித்துவிட்டால் இரைச்சலும் பாரம்பரியமாகிவிடும் போலிருக்கிறது.

நாணயத்தின் ஒரு பக்கம் அரசுச் சின்னம். மறுபக்கம் ஒரு மண்டையோடு. இந்த நாணயத்துக்கென்றே குழுவினர் புதிதாக வரைந்து அனுப்பியது. அதன் நெற்றியில் தொடங்கி மோவாய் வரைக்கும் நேராக ஒரு கோடு ஓடியது.

"விரிசல்! இது வெளிய போனா என் மானம் கப்பலேறிடும்" என்றார் பரிசோதகர்.

அலுவலகத்தில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். முப்பத்தொரு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில், பழுதுள்ள நாணயம் ஒன்றுகூட அவரைத் தாண்டி வெளியே போனதில்லை. அடுத்த மாதம் ஓய்வு. இரண்டு வருடம் பணி நீட்டிப்பு கேட்டு எழுதிய மனு மேலாளரின் மேசைமேல் கிடந்தது.

அந்த நீட்டிப்புக்காக அவரைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவள் அவர் மனைவி. விடுமுறை நாட்களில், அவள் கழுவி வைத்த தட்டுகளை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். துவைத்த சட்டையின் தையலை எண்ணுவார்.

"நீட்டிப்பு கிடைக்கலைன்னா சொல்லிடுங்க. நான் எங்கயாவது வேலைக்குப் போயிடுறேன். ரெண்டு பேரும் ஒரே வீட்ல பகல்பூரா இருந்தா ஒருத்தர்தான் மிஞ்சுவோம்" என்று அவள் முன்பே அறிவித்திருந்தாள்.

நாணய அச்சைச் செதுக்கியவரிடம் கேட்கலாம் என்றால், அவர் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பரிசோதகர் காத்திருக்கவில்லை. அச்சில் மெல்லிய வரப்பு மாதிரி மேலெழும்பி நின்ற அந்தக் கோட்டைத் தன் கையாலேயே தேய்த்து எடுத்தார். மாலைக்குள் இரண்டாயிரம் நாணயங்கள், அப்போதுதான் சவரம் செய்துகொண்ட மண்டையோடுகளாகப் பளபளத்து வெளியே வந்தன. முப்பத்தொரு வருடத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்குப் போனதில்லை. அன்றைக்குத் தட்டுகள்கூடத் தப்பித்தன.

மறுநாள் காலையில் மேலாளரும் விளம்பர அதிகாரி அம்மாளும் வந்தார்கள். மேலாளர் ஒரு நாணயத்தை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"விரிசல் எங்கய்யா?"

"சரிபண்ணிட்டேன் சார்" என்றார் பரிசோதகர், பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக.

"ஐயோ!" என்று அலறினார் விளம்பர அதிகாரி. "அந்த விரிசல்தான் சார் இந்த நாணயத்தோட உயிரே! அதைப் பத்தி மட்டும் நாலு பக்கம் எழுதி அச்சடிச்சாச்சு. கேளுங்க. 'சமூகத்தின் நெற்றியில் விழுந்த பிளவு. நாற்பதாண்டுக் கலகத்தின் தழும்பு.' பத்திரிகைக்காரங்க படிச்சிட்டுக் கண் கலங்கினாங்க."

"பாத்தா பழுது மாதிரி இருந்துச்சு மேடம்."

"கலைன்னா அப்படித்தான் இருக்கும்!"

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வியாழக்கிழமை விழா. புது அச்சு செய்ய ஒரு மாசம் ஆகும். உங்க மனு வேற என் மேசைல இருக்கு. பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? தேய்த்ததை ஒட்ட வைக்கவா முடியும்? கடைசியில், நாணயத்தில் மயிரிழைக் கீறலைக்கூட மன்னிக்காத அந்த மனிதர் ஒரு சின்ன உளியைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டாயிரம் நாணயங்களில் ஒவ்வொன்றாக விரிசல் போட உட்கார்ந்தார்.

முப்பத்தொரு வருடமாகக் கீறலைத் தேடியே பழகின கைக்குக் கீறல் போட வரவில்லை. முதல் மண்டையோட்டுக்கு வகிடு எடுத்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது ஒரு பக்கமாகச் சிரித்தது. மூன்றாவது பார்ப்பவரைப் பார்த்துக் கண்ணடித்தது. நூறைத் தாண்டியபோது, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நூறு ஆசாமிகள் மேசைமேல் கிடந்தார்கள்.

"தொலைஞ்சேன். ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே" என்றார் அவர்.

அந்த வழியாக வந்த விளம்பர அதிகாரியின் காதில் அது விழுந்தது. கண்கள் விரிந்தன.

"சார், அதேதான்! ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல! ஒவ்வொரு விரிசலும் கையால போட்டது!"

மாலையில் விளம்பரம் வந்தது. விடிவதற்குள் இரண்டாயிரமும் விற்றுத் தீர்ந்தன. அதோடு விட்டதா? விரிசல் அசல்தான் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று நாணயம் சேகரிப்பவர்கள் கேட்டார்கள். தானாக விழுந்த போலி விரிசலை வைத்து யாராவது ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்குக் கவலை.

ஆக, பரிசோதகர் கீறினார், கையெழுத்துப் போட்டார். 'இந்த விரிசலை நேரில் பரிசோதித்தேன். குறை ஏதுமில்லை.' இரண்டாயிரம் தடவை. ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவருடைய முப்பத்தொரு வருடத்தில் கொஞ்சம் உதிர்ந்தது.

"எதுக்குங்க இப்படிக் கலங்குறீங்க? அவங்களே கேக்குறாங்க, நீங்க போட்டுக் குடுக்குறீங்க" என்றாள் மனைவி.

"மனசு ஒப்பலடி."

"ரெண்டு வருஷத்துக்கு ஒப்புக்கச் சொல்லுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

வியாழக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. குழுவினர் நான்கு பேரும் கறுப்புத் தோல் சட்டையில் வந்தார்கள். மேடையில் ஏறப் படிக்கட்டில் இரண்டு பேருக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது. விளம்பர அதிகாரி விரிசலைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். ரசிகர்கள் ஊளையிட்டார்கள். அமைச்சர்கூட, சமூகத்தில் இப்படிப்பட்ட விரிசல்கள் பெருக வேண்டும் என்று வாழ்த்தினார்.

மேலாளர் பரிசோதகரின் காதில் சொன்னார்: "ரெண்டு வருஷம் போட்டாச்சு. வாங்க." கையைப் பிடித்து மேடைக்கே இழுத்துப் போய், குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் பெரியவர் முன்னால் நிறுத்தினார்.

"ஐயா, இந்த விரிசல் முழுக்க இவர் கைவேலை."

அந்த ஆள், படம் வரைந்து அனுப்பியதைத் தவிர இந்த நாணயத்தைப் பற்றி எதுவும் அறியாதவர். காதும் மந்தம். இதுவரை பேசிய எதுவும் அவருக்கு எட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நாணயத்தைப் பக்கத்தில் வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தார். பிறகு பரிசோதகரின் தோளைத் தட்டி, தணிந்த குரலில் வருத்தமாகச் சொன்னார்:

"தம்பி, கவருக்குள்ள போகலைன்னு படத்தை நான்தான் ரெண்டா மடிச்சு அனுப்பினேன், அந்த மடிப்பையுமா போட்டு வைப்பீங்க? இதையெல்லாம் பாத்துச் சொல்றதுக்கு உங்க ஆபீஸ்ல ஒரு ஆள்கூடவா இல்ல?"